களிமண் கற்பிக்கும் அறம்

“பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது” என்பது எம்மவர் நாவில் அன்றாடம் புழங்கும் பழமொழி. எண்ணியது ஒன்று, முடிந்தது வேறொன்று என்னும் பொருளில் இதனை நாம் கையாளுகிறோம். ஆயின் இப்பழமொழி எங்கே பிறந்திருக்கும் என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. ஈரமண்ணையோ மஞ்சளையோ கையிலெடுத்து உருவம் பிடிக்க முனைந்த ஒருவரின் அனுபவத்திலேயே அது பிறந்திருத்தல் வேண்டும். அங்கே பிழை நேர்ந்தது எவ்விடத்தில்? மண்ணிலா, கையிலா, கண்ணிலா? விளையாட்டான வினாப்போலத் தோன்றினும் இதனைத் தொடர்ந்து சென்றால், நாம் ஒருவரையொருவர் எவ்வாறு காண்கிறோம் என்னும் பெரியதொரு வினாவின் முன் அது எம்மைக் கொண்டுபோய் நிறுத்தும். உயிருள்ள மனிதர் ஒருவரை எதிரே நிறுத்தி, அவரைப் பார்த்துப் பார்த்துக் களிமண்ணில் உருவம் பிடிக்கக் கற்கும் பயிற்சியை எடுத்துக்கொண்டு இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கற்கும் முறை

மனித உருவத்தை நேரிற் பார்த்துக் களிமண்ணிற் பிடிக்கும் பயிற்சி ஐரோப்பியக் கலைக்கூடங்களில் நெடுங்காலமாகப் பேணப்பட்டு வந்த ஒன்று. அதன் முறை எளிமையானது. அதனைக் கடைப்பிடிப்பதுதான் கடினம்.

மாதிரியாக நிற்பவர் ஒரு மேடையில் நிற்பார். கற்பவர் முன்னே சுழலும் பலகை ஒன்று இருக்கும். அதன்மேல் இரும்புக் கம்பியால் ஓர் உள்சட்டகம் அமைக்கப்படும். மண்ணுக்குத் தானாக நிற்கும் வலு இல்லை. எலும்பு உடலைத் தாங்குவதுபோல இச்சட்டகம் மண்ணைத் தாங்கும். சட்டகம் பிழைத்தால் மேலே எவ்வளவு அழகாக மண்ணைப் பூசினாலும் உருவம் பிழைத்ததுதான்.

மனிதர் பெரும்பாலும் இரு கால்களிலும் சமமாகப் பாரத்தை ஊன்றி நிற்பதில்லை. ஒரு காலில் பாரத்தை ஏற்றி மறுகாலைத் தளர்த்தியே நிற்பர். அப்போது பாரம் ஏற்ற பக்கத்து இடுப்பு உயரும். அதே பக்கத்துத் தோள் தாழும். முள்ளந்தண்டு மெல்ல வளையும். மேசன்மார் சுவர் பிடிக்கும்போது பயன்படுத்தும் தூக்குக்குண்டைக் கழுத்துக்குழியிலிருந்து தொங்கவிட்டால், அது பாரம் தாங்கும் காலின் கணுக்கால் அருகே வந்து நிற்கும். கற்பவர் முதலில் பிடிக்க வேண்டியது இந்நிலையைத்தான். மூக்கும் விரலும் நகமும் பிறகு.

சிறிது நேரத்துக்கு ஒருமுறை மேடையும் பலகையும் ஒரே அளவு திருப்பப்படும். முன்னிருந்து சரியாகத் தோன்றிய உருவம் பக்கவாட்டில் பார்க்கும்போது தட்டையாய்க் கிடக்கும். அதனைத் திருத்தினால் முன்பக்கம் மாறிவிடும். மறுபடியும் திருப்ப வேண்டும், மறுபடியும் திருத்த வேண்டும். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போகலாம் என்பது இங்கே செல்லாது. முகத்தை முதலில் மினுக்கி முடித்துவிட ஆசைப்படும் மாணவரை ஆசிரியர்கள் தடுப்பது இதனாலேயே. முழு உருவமும் ஒன்றாக வளர்ந்து வருதல் வேண்டும்.

அன்றைய வேலை முடிந்ததும் ஈரத்துணி சுற்றி மண் காயாமற் காக்க வேண்டும். கம்பிச் சட்டகத்தின்மேல் எழுந்த உருவத்தை அப்படியே சூளையில் வைக்க இயலாது. மண் காயும்போது சுருங்கும், கம்பி சுருங்காது, உருவம் வெடித்துவிடும். ஆகவே அதன்மேல் பாரிஸ் சாந்து பூசி அச்சு எடுப்பர். அச்சினுள்ளிருந்து மண்ணைத் தோண்டி எடுத்த பின்னரே புதிய சாந்தை ஊற்ற முடியும். பல நாள் உழைத்த மூல உருவம் அப்போது அழிந்து மறுபடியும் வெறும் மண்ணாகி வாளிக்குள் போய்விடும். அடுத்த மாணவர் அதே மண்ணை எடுத்துப் பிசைவார்.

காட்சியும் கருதலும்

எமது சைவசித்தாந்தம், அறிவைப் பெறும் வாயில்களை அளவைகள் என்று வகுத்துரைக்கின்றது. காட்சி, கருதல், உரை என்னும் மூன்றும் அவற்றுள் தலையாயவை. நேரே காண்பது காட்சி. புகையைக் கண்டு அங்கே நெருப்பு உண்டென உய்த்துணர்வது கருதல். நம்பத்தக்கோர் சொல்லைக் கொண்டு அறிவது உரை. காட்சிக்குப் பகையாய் நிற்பன ஐயமும் திரிபும் என்பதும் நாம் அறிந்ததே. பழுதையைப் பாம்பெனக் காண்பது திரிபு.

களிமண்ணில் முதன்முதலாகத் தலையொன்றைப் பிடிப்பவரிடம் இவ்வளவைகளின் குழப்பத்தைக் கண்கூடாகக் காணலாம். ஏறத்தாழ எல்லோரும் செய்யும் பிழை ஒன்று உண்டு. கண்களை மிக மேலே வைத்துவிடுவார்கள். உண்மையில் வளர்ந்த மனிதருடைய கண்கள், உச்சந்தலைக்கும் நாடிக்கும் இடையே ஏறக்குறையச் சரிபாதியில் இருக்கின்றன. ஐயமிருப்போர் ஒரு கண்ணாடியையும் அடிமட்டத்தையும் எடுத்து அளந்து பார்க்கலாம். நாள்தோறும் நூறு முகங்களைப் பார்க்கும் நாம் இந்த ஒன்றைப் பார்த்ததில்லை. ஏன்? முகம் எம்மோடு பேசுகிறது; கண்ணும் வாயும் எமக்கு வேண்டியவை. மண்டையோ பேசுவதில்லை. எனவே வேண்டியதைப் பெரிதாகவும் வேண்டாததைச் சிறிதாகவும் மனம் வைத்துக்கொள்கிறது. கையும் மனத்தின் சொற்படியே மண்ணைப் பிடிக்கிறது. மாதிரியாக நிற்பவர் எதிரே நிற்கவும், கற்பவர் தம் மனத்திலுள்ள “தலை” என்னும் எண்ணத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கருதலைச் செய்துவிட்டுக் காட்சி என்று பெயரிடுவது என்பது இதுதான். குரங்கு கையிலிருந்து வரவில்லை. பார்க்காத கண்ணிலிருந்து வந்தது.

இது கற்றுக்குட்டிகளுக்கு மட்டும் உரிய இடர் என்று எண்ணிவிடலாகாது. சுவிற்சர்லாந்தில் 1901 இல் பிறந்த அல்பேர்ட்டோ ஜியாகோமெட்டி இருபதாம் நூற்றாண்டின் பெருஞ் சிற்பிகளுள் ஒருவர். பல ஆண்டுகள் கற்பனையைக் கொண்டே உருவங்களை ஆக்கிவந்த அவர், 1935 இல் மறுபடியும் உயிருள்ள மனிதரைப் பார்த்து ஒரு தலையைப் பிடிக்க விரும்பினார். தலையின் அமைப்பை ஓரளவு விளங்கிக்கொள்ள இரண்டொரு வாரம் போதும் என எண்ணினார். 1940 வரை அவ்வேலை முடியவில்லை. ஒவ்வொரு நாளும் மாதிரியானவரை எதிரே இருத்திப் பார்த்தார். அவருடைய தம்பி டியேகோவும் அவர்முன் இருந்தவர்களுள் ஒருவர். பிறந்த நாள் முதல் பழகிய முகம். ஆயினும் பார்க்கப் பார்க்க அது முன்பின் அறியாத பொருளாகவே அவருக்குத் தோன்றியது. பின்னர் நினைவிலிருந்து அவர் செய்த உருவங்கள் சுருங்கிச் சுருங்கி, தீப்பெட்டிக்குள் அடங்கும் அளவுக்கு வந்துவிட்டன. இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945 இல் அவர் ஜெனீவாவிலிருந்து பாரிசுக்குத் திரும்பியபோது, தம் சில ஆண்டு உழைப்பைத் தீப்பெட்டிகளிலே கொண்டுவந்தார் என்பது கலையுலகம் அறிந்த செய்தி.

உடன்பிறந்தானின் முகத்தைப் பார்த்து முடிக்க ஐந்தாண்டுகள் போதவில்லை என்றால், “அவனை எனக்கு நன்றாகத் தெரியும்” என்று அயலவரைப் பற்றி நாம் ஒரு நொடியிற் கூறும் சொல்லின் பெறுமதி என்ன?

அச்சும் ஆக்கமும்

பிரெஞ்சுச் சிற்பியாகிய ஓகஸ்ட் ரொடான் (1840 – 1917) இளமையில் பாரிஸ் நுண்கலைக் கல்லூரியின் நுழைவுத் தேர்வில் மூன்றுமுறை தோற்றவர். 1875 இல் பிரசெல்ஸ் நகரில் வாழ்ந்தபோது, நெய்ட் என்னும் இளம் பெல்ஜியப் போர்வீரர் ஒருவரை மாதிரியாக நிறுத்தி, ஆளளவான உருவம் ஒன்றைத் தொடங்கினார். பதினெட்டு மாதம் அளவில் அவ்வேலை நீடித்தது. முன், பின், பக்கம் என ஒவ்வொரு கோணத்திலிருந்தும் உருவத்தின் விளிம்பைப் பார்த்து மண்ணில் ஒப்பிட்டு வருவது ரொடானின் முறை. மேலே ஏறி நின்று உச்சியிலிருந்தும் பார்ப்பாராம்.

1877 இல் அச்சிற்பம் முதலில் பிரசெல்சிலும் பின்னர் பாரிசிலும் காட்சிக்கு வைக்கப்பட்டது. “வெண்கல யுகம்” என்னும் பெயரால் இன்று அறியப்படுவது அதுவே. ஆனால் அன்று அவருக்குக் கிடைத்தது பாராட்டன்று, பழி. “இது கையால் ஆக்கப்பட்டதன்று, உயிருள்ள மனிதரின் உடல்மேல் நேரே சாந்து பூசி எடுத்த அச்சு” என்று பேசிக்கொண்டனர். உருவம் அவ்வளவு மெய்யாக இருந்ததே அவருடைய குற்றமாயிற்று. அவர் நெய்ட்டின் புகைப்படங்களை எடுப்பித்துச் சிற்பத்தோடு ஒப்பிட்டுக் காட்ட முயன்றார். இறுதியில் சகசிற்பிகள் அவருக்காகச் சாட்சி கூறினர். 1880 இல் பிரெஞ்சு அரசு அச்சிற்பத்தை வாங்கிக்கொண்டது. அடுத்துச் செய்த பெரிய உருவத்தை அவர் ஆளளவினும் பெரிதாகவே அமைத்தார். ஆளிலும் பெரிய உருவை ஆளின்மேல் அச்செடுக்க முடியாதல்லவா?

இங்கே ஒரு வினா எழுகிறது. அச்சும் ஆக்கமும் பார்வைக்கு ஒன்றாகவே இருப்பின், அவற்றிடையே வேறுபாடு ஏது? பயன் ஒன்றெனில் வழியைப்பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்?

பரீட்சை எழுதும் பிள்ளையை எடுத்துக்கொள்வோம். பக்கத்து வாங்கிலிருந்து பார்த்தெழுதிய விடையும், தானே சிந்தித்து எழுதிய விடையும் தாளில் ஒன்றாகவே இருக்கலாம். புள்ளியும் ஒன்றாகவே வரலாம். ஆனால் ஒரு பிள்ளை மாறியிருக்கிறது, மற்றையது மாறவில்லை. அச்செடுப்பவர் உடலைத் தொடுகிறார். ஆயினும் அவ்வுடலை அவர் பார்க்க வேண்டிய தேவை இல்லை. சாந்து அவருக்காகப் பார்த்துக்கொள்ளும். மண்ணைப் பிடிப்பவரோ ஒவ்வோர் அங்குலத்துக்கும் தாமே பொறுப்பு. “இது இவ்வாறுதான் இருக்கிறது, நான் கண்டேன்” என்று ஒவ்வொரு விரல் அழுத்தத்திலும் அவர் சாட்சி சொல்கிறார். ரொடான்மேற் சுமத்தப்பட்ட பழியின் கொடுமை இங்கேதான் இருக்கிறது. பதினெட்டு மாதம் கண்டதை உரைத்தவரைப் பார்த்து, “நீ காணவேயில்லை” என்றார்கள்.

எமது மரபு கூறுவது யாது?

எமது வாசகர் ஒருவர் இவ்விடத்தில் நியாயமான தடை ஒன்றை எழுப்பக்கூடும். “எமது கோயிற் சிற்பிகள் எவரையும் எதிரே நிறுத்திப் பார்த்துத் திருவுருவம் செய்யவில்லையே. பார்த்துச் செய்வது வெறும் போலச் செய்தல். அது உயர்ந்த கலையாகுமா?” என்பது அத்தடை.

உண்மைதான். ஸ்தபதியார்க்கு வழிகாட்டுவன தியான சுலோகமும் தாலமானமுமே. ஒரு தாலம் பன்னிரண்டு அங்குலம். சிவன், திருமால் முதலிய பெருந்தெய்வங்களுக்கு உரிய உத்தம தசதாலம் 124 அங்குலம். இவ்வங்குலம் கடையில் விற்கும் அடிமட்டத்தின் அங்குலமன்று. அவ்வவ் உருவின் அளவிலிருந்தே வகுத்துக்கொள்ளப்படுவது. தெய்வ உருவத்தை ஆக்குவோனுக்குத் தியானமே வழி, நேரிற் காண்பதும் அதற்கு ஈடாகாது என்ற கருத்தைச் சுக்கிரநீதி கூறுகின்றது. கொழும்பில் 1877 இல், அதாவது ரொடானின் சிற்பம் பழிக்கப்பட்ட அதே ஆண்டில் பிறந்தவரான கலாயோகி ஆனந்த குமாரசுவாமி, இக்கருத்தை மேலைநாட்டார்க்கு எடுத்துக்காட்டி இந்தியக் கலையின் பெருமையை நிலைநாட்டினார்.

எனினும் இருவழிகளும் ஒன்றையொன்று மறுப்பன என்று கொள்ள வேண்டியதில்லை. தாலம் என்பதே உள்ளங்கையின் அளவு. மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனிவரையுள்ள நீளமும், நாடியிலிருந்து மயிர் தொடங்கும் நெற்றி விளிம்புவரையுள்ள முகத்தின் நீளமும் ஏறத்தாழ ஒன்றே. கையை முகத்தின்மேல் வைத்து எவரும் சோதிக்கலாம். இவ்வொப்புமையைக் கண்டவர் யாராயினும், உயிருள்ள மனிதரை உற்றுப் பார்த்தே கண்டிருத்தல் வேண்டும். காட்சியில் தொடங்கியதே உரையாக, சாத்திரமாக நிலைபெற்றது எனலாம்.

ரொடானைப் பற்றிய இன்னொரு செய்தியும் இங்கே நினைக்கத்தக்கது. சென்னை அருங்காட்சியகத்திலுள்ள நடராசர் வெண்கலத் திருமேனியின் புகைப்படங்கள் அவருடைய முதுமையில் அவர் கைக்குக் கிடைத்தன. இந்தியாவுக்கு அவர் வந்ததே இல்லை. சைவ சமயமும் அவர் அறியாதது. ஆயினும் அப்படங்களை ஒவ்வொரு கோணமாகப் பார்த்து வியந்து எழுதினார். அவர் மறைந்த பின் 1921 இல் வெளிவந்த நூலொன்றில், ஆனந்த குமாரசுவாமியின் எழுத்தோடு ஒன்றாக அது அச்சேறியது. மனித உடலை நேரிற் காண்பதொன்றே வழி என்று வாழ்ந்த ஒருவர், எவரையும் பார்த்துச் செய்யப்படாத திருமேனியின் முன் தலைவணங்கினார். வழிகள் வேறாயினும் இரண்டும் ஆக்குவோனிடம் வேண்டுவது ஒன்றே. “எனக்குத் தெரியும்” என்னும் முனைப்பை அவன் இறக்கி வைத்தல் வேண்டும். ஸ்தபதியார் அதனைச் சாத்திரத்தின்முன் இறக்கி வைக்கிறார். மண் பிடிப்பவர் எதிரே நிற்கும் மனிதர்முன் இறக்கி வைக்கிறார்.

நிற்பவரும் மனிதரே

இதுவரை காண்பவரைப் பற்றியே பேசினோம். காணப்படுபவரின் நிலை என்ன? அசையாமல் நிற்பது எளிதன்று. சில நிமிடத்திலேயே பாரம் தாங்கும் கால் மரத்துவிடும். உயர்த்திய கை நடுங்கும். எனவேதான் நல்ல கலைக்கூடங்களில் இருபது நிமிடம் அளவில் ஓய்வு கொடுப்பார்கள். மறுபடியும் அதே நிலையில் நிற்பதற்காகப் பாதத்தைச் சுற்றி மேடையில் அடையாளமிடுவார்கள். தொடாமலே அளவெடுக்க இயலாதபோது, இடுக்கிமானியை அருகே கொண்டுசெல்லுமுன் அவருடைய அனுமதியைக் கேட்பார்கள்.

உடலமைப்பை முழுமையாகக் கற்பதற்காக ஆடையின்றி நிற்போரைப் பார்த்துப் பயிலும் வழக்கம் ஐரோப்பாவில் உண்டு. இது எம்மவர்க்கு ஒவ்வாததாகத் தோன்றலாம். மேலைநாட்டாரும் இதனைத் தயக்கமின்றி ஏற்றுக்கொண்டார்கள் என்பதில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா நுண்கலைக் கழகத்தில், ஏறத்தாழ 1882 இல் பெண் மாணவியர் உயிருள்ள பசுவொன்றை வகுப்பறையில் நிறுத்தி அதனைப் பார்த்துக் களிமண்ணில் உருவம் பிடிப்பதைக் காட்டும் புகைப்படம் உண்டு. அதே கழகத்தில் கற்பித்த தோமஸ் ஈகின்ஸ், மாணவியர் இருந்த வகுப்பில் ஆண் மாதிரியின் இடைத்துணியை அகற்றியமையால் எழுந்த எதிர்ப்பின் பின் 1886 இல் பதவி துறக்க நேர்ந்தது. எவ்வளவு காணலாம், எவர் காணலாம் என்பன காலமும் இடமும் நோக்கி ஒவ்வொரு சமுதாயமும் தீர்த்துக்கொள்ள வேண்டியவை. முகமும் கையும் பாதமும் கற்பிக்காத எதனையும் முழு உடல் புதிதாகக் கற்பித்துவிடப் போவதில்லை. எங்கும் மாறாத விதி ஒன்றுண்டு. எதிரே நிற்பவர் கருவியல்லர். அவர் விரும்பி நிற்கும்வரை மட்டுமே நாம் காணலாம்.

கூர்ந்து காணும் பயிற்சி தானாகவே நல்லொழுக்கமாகிவிடும் என்றும் சொல்வதற்கில்லை. ரொடானின் மாணவியாகவும் உதவியாளராகவும் இருந்த கமீல் குளோடெல் (1864 – 1943) தாமே பெருஞ் சிற்பி. தம் திறமை ஆசிரியரின் நிழலில் மறைகிறது என்ற மனத்துயரோடு அவர் வாழ்ந்தார். 1913 இல் குடும்பத்தார் அவரை மனநோய் விடுதியில் சேர்த்தனர். முப்பது ஆண்டுகள் இத்தகைய விடுதிகளிலேயே கழிந்து, விடுதியிலேயே அவர் இறந்தார். தசையின் அசைவொன்றையும் தவறவிடாத கண்கள் அவரைச் சூழ ஒருகாலத்தில் இருந்தன. ஆனால் கலைக்கூடத்தில் கற்றதை வீட்டுக்கும் வீதிக்கும் கொண்டுவருவது தனியான முயற்சி. கோயிலுக்குள் அடியாராய் இருப்பதும் வெளிவீதியில் அடியாராய் இருப்பதும் வேறு வேறு என்பதை அறிந்த எமக்கு இது புதிதன்று.

முகம் இழந்தோர்க்கு முகம்

அவ்வாறு கொண்டுவந்தோரும் இருந்தனர். முதலாம் உலகப் போரில் (1914 – 1918) பதுங்குகுழிகளிலிருந்து தலையை நீட்டிய வீரர் பலர் முகத்திற் காயமுற்றனர். மூக்கும் நாடியும் கன்னமும் சிதைந்து உயிர்பிழைத்த அவர்களைப் பார்க்க உறவினரும் அஞ்சினர். இங்கிலாந்தின் சிட்கப் என்னுமிடத்தில் இத்தகையோர்க்கான மருத்துவமனை அருகே சில வாங்குகளுக்கு நீலநிறம் பூசியிருந்தனர் என்பர். அங்கே அமர்ந்திருப்பவரைக் கண்டு திடுக்கிடாதபடி ஊரவர் முன்னரே முகத்தைத் திருப்பிக்கொள்வதற்கான அடையாளம் அது.

பிரான்சிஸ் டேர்வென்ட் வூட் என்னும் ஆங்கிலச் சிற்பி, வயது கடந்தமையால் போர்முனைக்குச் செல்லாது, இலண்டன் மருத்துவமனையொன்றில் உதவியாளராகச் சேர்ந்தார். 1916 இல் அங்கே முகமூடி ஆக்கும் பிரிவொன்றைத் தொடங்கினார். அதனையறிந்த அன்னா கோல்மன் லாட் என்னும் அமெரிக்கச் சிற்பி 1917 இன் இறுதியில் பிரான்சுக்கு வந்து, செஞ்சிலுவைச் சங்கத்தின் ஆதரவில் பாரிசில் அத்தகைய கூடமொன்றை நடத்தினார்.

காயம் ஆறிய முகத்தில் முதலிற் சாந்து பூசி அச்சு எடுப்பார்கள். அவ்வச்சிலிருந்து பெற்ற உருவின்மேல், இழந்த மூக்கையோ நாடியையோ களிமண் போன்ற மென்பொருளால் சிற்பி மீட்டுப் பிடிப்பார். போருக்கு முன் எடுத்த பழைய புகைப்படமே அதற்குத் துணை. அவ்வுருவிலிருந்து மிக மெல்லிய செப்புத் தகட்டு முகமூடி ஆக்கப்படும். அதனை அவர் அணிந்திருக்கும்போதே, அவருடைய தோலின் நிறத்தோடு ஒப்பிட்டு ஒப்பிட்டு வர்ணம் தீட்டுவர். பெரும்பாலும் மூக்குக்கண்ணாடியே அதனைத் தாங்கி நிற்கும்.

இம்முகமூடிகள் மெல்லவும் விழுங்கவும் உதவவில்லை. முகம் அசையும்போது அவை அசையவில்லை. சில ஆண்டுகளில் தேய்ந்தும் போயின. எனினும் வீதியில் நடக்கவும் பிள்ளைகளிடம் போகவும் அவர்களுக்கு அவை துணை நின்றன. ஊரார் திருப்பிக்கொண்ட முகத்தை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்க ஒருவருக்கு முடிந்தது. அருவருப்போ இரக்கமோ குறுக்கிட்டால் கை நடுங்கும், அளவு பிழைக்கும். இந்த மனிதரின் இந்தக் கன்னம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று மட்டுமே அவர் பார்க்க வேண்டியிருந்தது. கலைக்கூடத்தில் கற்ற பாடம் அங்கே அறமாயிற்று.

எமது ஊரும் எமது கண்ணும்

2009 இல் முடிவுற்ற போர் எமது ஊர்களிலும் கையிழந்தோரையும் காலிழந்தோரையும் கண்ணிழந்தோரையும் விட்டுச் சென்றுள்ளது. அவர்களைக் கண்டால் நாம் எவ்வாறு பார்க்கிறோம்? ஒன்றில் பார்வையைத் திருப்பிக்கொள்கிறோம். அன்றேல் “பாவம்” என்னும் ஒரு சொல்லால் மூடிவிடுகிறோம். இரண்டும் நீலவாங்குகளே. இன்ன ஊரார், இன்ன பகுதியார், இன்னாரின் பிள்ளை, கணவனை இழந்தவள், வெளிநாட்டிலிருந்து வந்தவர் என எத்தனை அச்சுகளை நாம் தயாராக வைத்திருக்கிறோம்! ஒருவர் படலையைத் திறந்து உள்ளே வருமுன்னரே அவருக்கான அச்சு எமது மனத்தில் எடுத்தாயிற்று. பிறகு அவரைப் பார்க்க வேண்டிய தேவை எமக்கு இல்லாமற் போகிறது. சாந்து எமக்காகப் பார்த்துக்கொள்கிறது.

ஆன்மா எதனைச் சார்கிறதோ அதன் வண்ணமாகும் என்பது சித்தாந்தம் கூறும் உண்மை. எமது எண்ணத்தையே சார்ந்து நின்றால் எமது எண்ணமே எமக்குக் கிடைக்கும். எதிரே நிற்பவரைச் சார்ந்து நின்றாலன்றோ அவரை அறியலாம்? ஆணவம் அறிவை மறைக்கும் என்று நூல்கள் கூறுவதை நாம் ஏதோ மறுமைக்குரிய செய்தியாகக் கேட்டுவிட்டுப் போகிறோம். உச்சிக்கும் நாடிக்கும் நடுவே கண் இருப்பதைக்கூட அது எமக்கு மறைத்துவிடுகிறது என்பதை ஒரு பிடி களிமண் காட்டித் தருகிறது.

இதனைக் கற்க வெளிநாட்டுக் கலைக்கூடம் எதுவும் தேவையில்லை. எமது குளங்களில் நல்ல களிமண் உண்டு. அறநெறிப் பாடசாலைகளிலும் சனசமூக நிலையங்களிலும் கிழமையில் ஒருநாள் அரைமணி நேரம் ஒதுக்கினால் போதும். பிள்ளைகள் தங்கள் அம்மம்மாவையோ அப்பாச்சியையோ கதிரையில் இருத்தி, அவருடைய கை ஒன்றை மட்டும் பார்த்துப் பிடிக்கட்டும். விரல் மூட்டு ஒவ்வொன்றும் எங்கே மடிகிறது, பெருவிரல் எத்திசையில் திரும்பி நிற்கிறது, நரம்பு எவ்விடத்தில் புடைத்து எவ்விடத்தில் மறைகிறது என்று அவர்கள் பார்க்கட்டும். முதல் நாளில் குரங்குக் கைதான் வரும். அதையிட்டுப் பெற்றோர் சிரிக்க வேண்டாம். நாலைந்து கிழமை கழித்து அப்பிள்ளை, “அம்மம்மா, உங்கட சுண்டுவிரல் நேராயில்லை, ஏன்?” என்று கேட்கும். அம்மம்மாவுக்குச் சொல்வதற்கு அங்கே ஒரு கதை இருக்கும்.